கை மாறும் நேரம்

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனதே குழந்தை நிம்மதியாக அழட்டும் என்றுதான்.

முந்தைய வீட்டில் கீழே இருந்தவர் ராத்திரியில் எங்கள் மகளின் குரல் கேட்டால் போதும், துடைப்பக் கம்பால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். இடி கேட்டு அவள் இன்னும் அழுவாள். அழுகை கேட்டு அவர் இன்னும் இடிப்பார். இருவருக்கும் நடுவில் நானும் என் மனைவியும் நான்கு மாதம் மாட்டிக்கொண்டு முழித்தோம். அதனால் புது வீட்டைக் காட்டிய தரகர் சொன்னது எங்கள் காதில் தேனாகப் பாய்ந்தது.

"இந்த மாடியில நீங்க மட்டும்தான் சார். எதிர் வீடு ரொம்ப வருஷமா பூட்டியே கிடக்கு. பாப்பா தொண்டை கிழிய கத்தினாலும் ஏன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

பழைய கட்டடம், நான்காவது மாடி. நான் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு நான் மூச்சிரைக்க ஏறியதைப் பார்த்து என் மனைவி படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் அது வேறு யாருடைய வாழ்க்கையிலோ நடந்த மாதிரி இருக்கிறது.

வீட்டில் இரண்டே அறை. தெருவைப் பார்த்த முன்னறை; சமையலும் குளியலறையும் அதை ஒட்டியே. பின்பக்கத்தில் படுக்கையறை. இரண்டையும் சேர்த்து நடுவில் பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு நடை. இரண்டு முனையிலும் கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. கதவுகளைச் சாத்திவிட்டால் நட்டநடுப் பகலிலும் உள்ளே நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியை நிழலில் காயப்போட்டால் வருமே, அந்த வாடை உள்ளே தங்கியிருந்தது. தரையின் நடுவில் நீளமாக ஒரு தடம் தேய்ந்திருந்தது. இரண்டு முனையிலும், திரும்பும் இடத்தில், இன்னும் ஆழமாகத் தேய்ந்திருந்தது. எது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்து அங்கே என்ன வேலை நடந்திருக்கிறது என்று சொல்வது என் தொழில். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. யாரோ பீரோவை இழுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் மேடம். பகலில் அவளைப் போலத் தங்கமான குழந்தை கிடையாது. பகலில் அவளை விட்டுவிட்டுப் போகும் குழந்தைக் காப்பகத்தில் இருப்பவர்கள் சத்தியம் செய்வார்கள். இருட்டிவிட்டால் போதும், வேலை வாங்க ஆரம்பித்துவிடுவாள். தோளில் போட்டு நடக்க வேண்டும். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் எப்படியோ தெரிந்துவிடும். கதவிடுக்கில் கோடாக வெளிச்சம் தெரிந்தாலும் கண்ணை அகலத் திறந்து அதையே பார்ப்பாள். பேசவே கூடாது. யாராவது 'தூங்கிட்டாளா' என்று கிசுகிசுத்தால், அதற்குத்தான் காத்திருந்த மாதிரி தொடங்குவாள்.

என் மனைவிக்குத் தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை.

"ஊர்ல இருக்கிற எல்லார் புகாரும் எனக்குப் புரியுது," என்பாள். "இந்த ஒரு கஸ்டமருக்கு மட்டும் என்ன பிரச்சனைன்னே தெரியல. லைனை கட் பண்ணவும் முடியல."

அந்த நடைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. இருட்டு, அமைதி, நடக்க நீளம் எல்லாம் இருந்தது. ராத்திரியைப் பங்கு போட்டுக்கொண்டோம். பத்து மணியிலிருந்து ஒன்றுவரை அவள் குழந்தையோடு நடப்பாள், நான் படுக்கையறையில் தூங்குவேன். ஒரு மணிக்கு நான் எழுந்து வந்து வாங்கிக்கொள்வேன். அவள் முன்னறை சோபாவில் போய்ப் படுப்பாள். நான்கு மணிவாக்கில் மேடம் அயர்ந்துவிடுவாள், தொட்டிலில் போடலாம். ஒரே சிக்கல், பேச்சும் வெளிச்சமும் இல்லாமல் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் குழந்தையை மாற்றுவது.

வேலையிடத்தில் நாங்கள் செய்வதையே செய்யலாம் என்று நான்தான் சொன்னேன்.

லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட்டுக்குள் நாற்பது கிலோ இரும்புக் கட்டிகளைக் கை மாற்றுவோம். உள்ளே வெளிச்சம் போதாது. பேசினால் எதிரொலித்து ஒன்றும் விளங்காது. அதனால் வாங்குகிறவன் அடியில் கை கொடுத்து முழு எடையையும் தாங்கியபிறகு, கொடுக்கிறவனின் மணிக்கட்டில் விரல் நுனியால் இரண்டு முறை தட்டுவான். பிடித்துவிட்டேன், நீ விடலாம் என்று அர்த்தம். இரண்டு தட்டல் வராமல் விடக் கூடாது. வந்தபிறகு யோசித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. பதினோரு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு கட்டி கீழே விழுந்ததில்லை.

"நம்ம பொண்ணு என்ன இரும்புக் கட்டியா?" என்றாள் மனைவி.

"ராத்திரி மூணு மணிக்கு அதைவிட கனமாதான் இருக்கா."

ஒரே வாரத்தில் பழகிவிட்டது. இருட்டில் காலடி வரும். குழந்தைக்கு அடியில் கை நுழையும். மணிக்கட்டில் இரண்டு தட்டல். விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவோம்.

அடுத்தடுத்த வாரங்களில் எங்கள் முகத்தில் உயிர் வந்தது.

"நேத்து பதினோரு மணிக்கே வந்து வாங்கிட்டீங்களே," என்றாள் ஒரு நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டே. "தூக்கம் வரலையா, பாவம்?"

அலாரம் அடித்து எழுந்ததாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் அரைத்தூக்கத்தில் எழுகிறவன் மணியா பார்க்கிறான். தானாக வரும் நல்ல பெயரை எதற்கு மறுக்க வேண்டும் என்று சிரித்து வைத்தேன். எனக்கும் சில ராத்திரிகளில் அலாரம் காதில் விழுவதில்லை. மூன்று மணிக்குத் திடுக்கிட்டு விழித்து, குற்றவுணர்வோடு நடைக்கு ஓடுவேன். இருட்டில் ஒரு முனகல்கூட இல்லாமல் குழந்தை என் கைக்கு வரும். எனக்காக இரண்டு மணி நேரம் கூடுதலாக நடந்திருக்கிறாளே என்று நெஞ்சு இளகும். அவள் கை மட்டும் சில்லென்று இருக்கும். இவ்வளவு நேரம் நின்றால் இருக்காதா என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமான புதிதில்கூட நாங்கள் ஒருவரையொருவர் இவ்வளவு மெச்சிக்கொண்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். என் முறைக்குள் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் போனில் சொல்லிவிட்டு ஓடினேன். ஐந்து பேரையும் வெளியே எடுக்கப் பதினொன்று ஆனது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய இரண்டரை. நடுவில் போன் பண்ணவில்லை. மணி அடித்துக் குழந்தை எழுந்துவிட்டால் என்ன செய்வது.

நான் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தபோது மூன்று மணி பத்து. முன்னறையில் விளக்கில்லை. தெருவெளிச்சத்தில் சோபாவில் மனைவி தெரிந்தாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தரையில் தொங்க, அடித்துப்போட்ட தூக்கம். மேடம் இன்று சீக்கிரமே தொட்டிலுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது, அப்பாடா என்று காலணியைக் கழற்றினேன். நடையின் கதவைத் திறந்து உள்ளே போய், பழக்கப்படி பின்னால் சாத்தினேன்.

உள்ளே யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

வெறுங்கால். ஈரத் தரையிலிருந்து பாதத்தைப் பிரித்து எடுக்கும் மெல்லிய சத்தம். அந்த முனைவரை போனது. திரும்பியது. இடையிடையே, பல்லிடுக்கில் காற்றை விட்டு, 'ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...' என் மனைவி செய்வது போலவே.

என் மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் சோபாவில் இருந்தாள்.

ஓடு என்று உடம்பில் ஒவ்வொரு நரம்பும் சொன்னது. ஆனால் அந்தக் காலடிச் சத்தத்துக்கு மேலே, தோள் உயரத்தில், என் மகளின் மூச்சு கேட்டது. அவளை விட்டுவிட்டு எங்கே ஓடுவது.

காலடி என்னை நோக்கி வந்தது.

எனக்கு முன்னால் நின்றது.

நிழலில் காய்ந்த துணியின் வாடை முகத்தில் அடித்தது. பிறகு என் இரண்டு கைகளிலும் மிகப் பதமாக ஓர் எடை வந்து இறங்கியது. மகளின் கழுத்துக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. பிள்ளை வளர்த்த யாரும் குறை சொல்ல முடியாத பிடி. அந்தக் கைகள் விடவில்லை. காத்திருந்தன.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

நான் இரண்டு முறை தட்டினேன்.

பழக்கதோஷம். நான் யோசிப்பதற்குள் கை தன் வேலையைச் செய்துவிட்டது. எலும்பு துருத்திய, குளிர்ந்த ஒரு மணிக்கட்டில், முறைப்படி இரண்டு தட்டல். கைகள் உடனே விட்டன. ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளியை நம்பி விடுவதுபோல விட்டன. காலடி திரும்பிப் படுக்கையறைப் பக்கம் போனது. அந்தக் கதவு திறக்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

முன்னறைக்கு வந்து விளக்கைப் போட்டேன். மனைவி கண்ணைக் கசக்கினாள்.

"எதுக்கு லைட் போட்டீங்க? முழிச்சுக்கப் போறா."

"நீ எப்போ படுத்தே?"

"ஒரு மணிக்கு. ஏன்?"

"பாப்பாவை யார்கிட்ட குடுத்தே?"

"என்ன கேள்வி இது. உங்ககிட்டதான்."

அப்போதுதான் அவள் என்னைச் சரியாகப் பார்த்தாள். வேலைச் சட்டையை. விரலில் காயாத கிரீஸை. வாசலில் அப்போதுதான் கழற்றிப் போட்ட காலணியை.

"இப்போதான் வந்தேன்," என்றேன்.

விடியும்வரை உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். முன்பே பார்த்திருக்க வேண்டிய கணக்கு. பத்திலிருந்து நான்குவரை உள்ள ஆறு மணி நேரத்தில் அவள் நடந்தது ஒன்றரை மணி நேரம். நான் நடந்ததும் ஒன்றரை மணி நேரம். குழந்தையைத் தோளில் வைத்து நடந்தது இரண்டே பேர் என்றால் அது நடக்காத காரியம். மூன்று வாரமாக, ராத்திரிக்கு மூன்று மணி நேரமாவது, மகள் எங்கள் இருவர் கையிலும் இல்லை.

"தட்டணும்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்றாள் மனைவி.

நாங்கள்தான். முதல் வாரம் முழுக்க அது நடையில் ஓரமாக நின்று எங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

காலையிலேயே துணிமணியை அள்ளிக்கொண்டு என் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா எதையும் நம்பவில்லை. ஆனாலும் படுக்க இடம் ஒதுக்கி, பால் காய்ச்சிக் கொடுத்தாள். அன்று ராத்திரி மேடம் வீட்டை இரண்டாக்குவாள் என்று தயாராக இருந்தோம்.

அவள் அழவே இல்லை.

அழுதிருந்தால் தேவலை. தலையை நிமிர்த்தி, எங்கள் தோளுக்குப் பின்னால் இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது எங்கள் கையிலிருந்து சாய்ந்து, வெறும் காற்றை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்றதும் கையை மடக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். விடியும்வரை கண் மூடவில்லை. பகலிலும் மூடவில்லை. மறுநாள் ராத்திரி அக்கா வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் மாறிப் போய் என்னிடம் வந்தாள்.

"டேய், இவ என் முதுகுக்குப் பின்னாடி யாரைப் பாக்குறா?"

நான்காம் நாள் ஆஸ்பத்திரி. பால் குடிப்பது நின்றிருந்தது, எடை இறங்கியிருந்தது. குழந்தை டாக்டர் அம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்.

"ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல. ஆனா இவ்வளவு சின்னக் குழந்தை இப்படித் தூங்காம இருந்தா உடம்பு தாங்காது. மருந்து குடுத்துப் பாக்கறேன்."

மருந்தில் ஒரு மணி நேரம் இமை பாதி மூடியது. அடியில் கண்ணின் வெள்ளை தெரிந்தது. பிறகு அதுவும் திறந்துகொண்டது. இதற்கு மேல் கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டில் எல்லாக் கட்டிலிலும் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கள் மகள் மட்டும் சுருங்கிய முகத்தோடு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது, அழுதேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது மனைவி மகளுக்கு வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போலாம்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"எனக்கு அவ தூங்கணும். யார் தூங்க வச்சாலும் சரி."

"அது என்னன்னே நமக்குத் தெரியாது."

"தெரியாதுதான். மூணு வாரத்துல ஒரு தடவைகூட அது அவளைக் கீழ போடல. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு நாளா அவளை ஒரு ராத்திரி தூங்க வைக்க முடியல." பொத்தானைப் போட்டு முடித்தாள். "வேற வழி இருந்தா சொல்லுங்க."

எத்தனையோ பேரை நடுவழியில் நின்ற லிஃப்ட்டிலிருந்து இறக்கியிருக்கிறேன்; சொந்த மகளை இதிலிருந்து இறக்க எனக்கு வழி தெரியவில்லை.

அன்று ராத்திரி எங்கள் வீட்டு நடையில் மகளோடு அவள்தான் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால், தோளில் கைவைத்து. இரண்டு கதவும் சாத்தியிருந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. அது போயிருக்கக்கூடும் என்று நினைத்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. அதை இப்போதும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பிறகு அந்த முனையில் பாதம் தரையைவிட்டுப் பிரியும் சத்தம்.

பக்கத்தில் வந்தது.

இரண்டு தட்டல்.

மனைவி விடவில்லை.

மறுபடி இரண்டு தட்டல். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை.

மகள் சிணுங்கினாள். அம்மாவின் கையிலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

"பத்திரம்," என்று கிசுகிசுத்துவிட்டு மனைவி கையை எடுத்தாள்.

நூறு எண்ணி முடிப்பதற்குள் மகளின் மூச்சு ஆழமாகி, சீராகிவிட்டது.

முன்னறைக் கதவை ஒட்டி இருவரும் உட்கார்ந்து ராத்திரி முழுக்க அந்தக் காலடியைக் கேட்டோம். இரண்டு மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. டார்ச்சை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே அடித்தேன்.

நடை காலியாக இருந்தது.

குழந்தையும் இல்லை.

சுவர், தேய்ந்த தரை, எதிர்முனையில் சாத்திய கதவு. வெளிச்சத்தை மூலைக்கு மூலை ஓட்டினேன். என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததோ தெரியாது. மனைவி என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி அணைத்தாள். இருட்டு மூடியதும் மூன்றடி தள்ளி, விட்ட இடத்திலிருந்தே, காலடி தொடர்ந்தது. மகளின் மூச்சும் தொடர்ந்தது. மறுநாள் அங்கிருந்த பல்பைக் கழற்றித் தூரப்போட்டேன்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதமாகிறது. மேடத்துக்குக் கன்னம் உப்பி, பல் நான்கு முளைத்திருக்கிறது. எடை சரியாக ஏறுகிறது என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நடுவில் இரண்டு முறை வேறு வீட்டுக்குப் போனோம், இரண்டு முறையும் நான்காம் நாளே திரும்பி வந்தோம். அது மட்டும் என்றால் தாங்கிக்கொள்ளலாம். முதலில் நான்கு மணிக்கு அது மகளை எங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு ஐந்தானது, ஆறானது. இப்போது எட்டரை. மனைவி வேலைக்குக் கிளம்பித் தயாராகி, அந்த இருட்டில் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அது அவளைக் கடந்து கடந்து நடக்கிறது. மனம் வரும்போதுதான் கொடுக்கிறது. வெளிச்சத்துக்கு வந்ததும் மகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள், எதிர்ப்படும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் சிரிப்பதுபோல. படுக்கையறையை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். முன்னறையில்தான் வாழ்க்கை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல வெயில். மேடம் நாற்காலியைப் பிடித்து நிற்கப் பார்த்தாள். நாற்காலி நகர்ந்துவிட, முகங்குப்புற விழுந்து நெற்றி வீங்கிவிட்டது. வீறிட்டாள். மனைவி ஓடிவந்து அள்ளினாள்.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. அம்மா இருக்கேன்ல."

மகள் இரண்டு கையாலும் அவள் நெஞ்சைத் தள்ளினாள். உடம்பை வில்லாக வளைத்து வழுக்கிக் கீழே இறங்கினாள். அழுதுகொண்டே தவழ்ந்து முன்னறையைக் கடந்து, சாத்தியிருந்த நடையின் கதவுக்குப் போனாள். கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் விரல்களை நுழைத்தாள்.

உள்ளேயிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்டது.

பட்டப்பகலில்.

அழுகை விசும்பலாகி, விசும்பலும் நின்றது. அங்கேயே தூங்கிவிட்டாள். மனைவி அவளைத் தூக்கவில்லை. தலையணையுறை ஒன்றை மடித்து அவள் கன்னத்துக்கு அடியில் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாம இவளுக்கு யாருங்க?" என்றாள்.

கதவிடுக்குக்கு வெளியே தெரிந்த மகளின் மணிக்கட்டு லேசாக அசைந்தது, உள்ளேயிருந்து யாரோ விரல்களை வருடிக்கொடுப்பது போல. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், வெகுநேரம் நின்றவர்கள் முழங்காலை மடக்கி மெல்லத் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.